இரண்டு சென்டிமீட்டர்

பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது:
முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்.

எர்ணாவூர் மொட்டை மாடியில்
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று
வடக்கே கையை நீட்டினேன்.
அடிவானிலிருந்து
ஒரு முஷ்டி, அதன் மேல் இரண்டு விரல்.
அங்கே இருக்க வேண்டும்.
இருந்தவை அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள்,
உச்சியில் சிமிட்டும் சிவப்பு விளக்குகள்.
அதுவும் இருந்திருக்கும்,
சாம்பலுக்கு அந்தப் பக்கம்.

சரி, நிலாவில் தொடங்கலாம்.
நிலாவை மறைக்க
மணலிக்கே திராணி இல்லை.

கேமரா இம்தியாஸுடையது.
புதுசு வாங்கியதும் பழையதை
எனக்குத் தவணைக்குத் தள்ளிவிட்டான்.
"எத்தினி தாலி பாத்திருக்கும் தெரியுமா இது?"
நாலரை அங்குலக் கண்ணாடியின் முதுகில்
அதை வளையம் போட்டு மாட்டினேன்.
திரையில்
பால் கொட்டின தரை மாதிரி ஒரு வெளிச்சம்.
குமிழைத் திருகினேன்,
உள்ளே, இன்னும் உள்ளே,
இடித்து நின்றது.
கண் வைத்தால் பள்ளம் பள்ளமாய்த் தெரிகிற நிலா
கேமராவுக்கு மட்டும்
முகம் காட்ட மாட்டேன் என்கிறது.

மூன்று ராத்திரி வீணான பிறகுதான் விளங்கியது:
பிம்பம் குவிகிற இடம்
கேமராவுக்கு எட்டவே இல்லை.
இரண்டு சென்டிமீட்டர் குறைச்சல்.
கிட்டத்தட்ட நாலு லட்சம் கிலோமீட்டர்
களைக்காமல் வந்த வெளிச்சம்
செருப்பு கழற்றுகிற இடத்தில்
நின்றுவிட்டது.

கண்ணாடியை முன்னால் தள்ள வேண்டும்.
அதற்கு நீளமான போல்ட் மூன்று.
லேத் பட்டறையில் ஏசுரத்தினம் கேட்டார்:
"இன்னாத்துக்குப்பா?"
"நிலாவுக்கு."
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.
"எம்மாம் நீட்டு?"

போகிப் புகை அடங்கிய நாலாம் நாள்
அரை நிலா
சுண்ணாம்புப் பாறைபோல் திரையில் வந்து நின்றது.
கத்தியிருப்பேன்.
கீழே தெருவில் கண்டெய்னர் லாரி.
அது போனால் மாடி நடுங்கும்,
மாடி நடுங்கினால்
நிலாவுக்கு இரட்டைப் பிள்ளை.
பித்தானைத் தொட்டாலும் அதே கதைதான்,
அதனால் பத்து நொடி டைமர் வைத்து
கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்
பரீட்சை ஹாலுக்கு வெளியே அப்பன் நிற்பதுபோல.

துறைமுக கேட் வரைக்கும் லாரி வரிசை
நகராமல் உறைகிற இரவுகள் உண்டு.
டிரைவர்கள் இன்ஜினை அணைத்து டீ குடிப்பார்கள்.
ஊரே காறித் துப்புகிற அந்த நெரிசலை
நான் ஒருத்தன் வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன்.

தை அமாவாசை.
வேண்டுதல் பலித்தது.
தலைக்கு மேல் மிருகசீரிடம்,
வரிசையாய் மூன்று மீன்,
அவற்றின் கீழே
துடைத்தும் போகாத ஒரு மங்கல்.
ஒரு நொடிக்கு மேல் திறந்து வைத்தால்
புள்ளி கோடாகிறது.
பூமி சுற்றுவதை
முதன்முறையாக என் சொந்தச் செலவில் பார்த்தேன்.
ஆகவே ஒவ்வொரு நொடியாக
இருநூற்று பன்னிரண்டு படம்.
நடுவில் நைட்டி எடுக்க வந்த மூன்றாம் மாடி மகிமை
திரையை எட்டிப் பார்த்து,
"லென்ஸ்ல தூசிண்ணே" என்றாள்.

லாரி கெடுத்தவை நாற்பத்து மூன்று,
அவற்றைக் கழித்து
மீதியை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கச் சொல்லிவிட்டு
கம்ப்யூட்டர் முன்னால் தூங்கிப்போனேன்.
எழுந்தபோது
மணலியின் காவி வெளிச்சத்துக்கு நடுவே
இளஞ்சிவப்பில்
ஒரு பெருவிரல் ரேகை.
அதற்குள் ஏதோ பிறந்துகொண்டிருக்கிறதாம்.

இம்தியாஸுக்கு அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது:
"ஸ்கின் கொஞ்சம் டச்சப் பண்ணித் தரட்டா?"

காலையில் கண்ணாடி மேல் உப்புப் பனி.
ஹேர் டிரையர் ஒன்று யாரிடமாவது கேட்க வேண்டும்.
போல்ட்டுக்கு முப்பது ரூபாய் பாக்கி.